கண்ணாடியில் தங்கிய சிப்பாய்கள்

சிறுமிக்கு ஏழெட்டு வயது இருக்கலாம். கழுத்தில் ஒரு மாலை. ஆடையில் துக்கத்தைக் குறிக்கும் நாடாக்கள். அழுது முடித்தபின் வரும் இறுக்கம் அவள் முகத்தில் இருப்பதாகச் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அது என் கற்பனையாகவும் இருக்கலாம். அக்காலத்தில் புகைப்படக் கருவியின் முன் எல்லோருமே இறுகித்தான் அமர்ந்திருந்தார்கள். அவள் கைகளில் சட்டமிட்ட ஒரு படம். அந்தப் படத்துக்குள் குதிரைப்படை உடையில், வாளும் தொப்பியுமாக ஒரு மனிதர். அவளுடைய தந்தை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் அவர் இறந்திருக்கக்கூடும் என்று சிறுமியின் உடையை வைத்து ஊகித்திருக்கிறார்கள். நூலகப் பட்டியலில் இருவருமே பெயர் தெரியாதவர்கள்.

வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பில் இப்படத்தைப் பார்த்தேன். திரையில் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கிக்கொள்ளலாம். அசல், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கண்ணாடித் தகடு. சேகரிப்பாளர்கள் ‘ஆறிலொரு தகடு’ என்று சொல்லும் அளவு: இரண்டே முக்கால் அங்குல அகலம், மூன்றேகால் அங்குல உயரம். அதற்குள் ஒரு குழந்தை. குழந்தையின் கையில் விரல் நகமளவுக்குத் தந்தை.

1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரில் 6,20,000 பேர் இறந்தார்கள் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டு வந்த கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு ஆராய்ந்த டேவிட் ஹாக்கர் 2011இல் அதை 7,50,000 என்று உயர்த்தினார். தளபதிகளின் உருவங்கள் எந்தப் போரிலும் எஞ்சிவிடும்; ஓவியர்கள் இருப்பார்கள், சிலைகள் எழும். இந்தப் போரில் புதிதாக நேர்ந்தது என்னவென்றால், உழவர் வீட்டுப் பையனும் கடைச் சிப்பந்தியும் பெருந்திரளாகத் தங்கள் முகத்தைப் பதிந்துகொண்டு போருக்குப் போனார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் அந்த முகங்கள் பழம்பொருள் கடைகளிலும் ஏலங்களிலும் விலைக்கு வந்தன. அவற்றைத் தேடி வாங்கியவர்களைப் பற்றியும், வாங்கியபின் அவர்களைத் தொற்றிக்கொண்ட ஒரு கேள்வியைப் பற்றியும் எழுத விரும்புகிறேன். கேள்வி எளியது: இவர் யார்?

முதலில் பொருளைப் பற்றி. 1839இல் பாரிசில் அறிவிக்கப்பட்ட டாகுரோடைப், வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் பதியும் படம், செலவு மிகுந்தது. 1851இல் ஆங்கிலேயரான ஃபிரெடெரிக் ஸ்காட் ஆர்ச்சர் கொலோடியன் என்னும் பசையைக் கண்ணாடியில் பூசிப் படமெடுக்கும் முறையை வெளியிட்டார். அதிலிருந்து கிளைத்தவை இரண்டு. கண்ணாடியிலேயே நிற்கும் அம்புரோடைப் ஒன்று. கறுப்பு அரக்குச்சாயம் பூசிய மெல்லிய இரும்புத் தகட்டில் பதியும் டின்டைப் மற்றொன்று. இதற்கு 1856இல் ஒஹையோவைச் சேர்ந்த ஹாமில்டன் ஸ்மித் காப்புரிமை பெற்றார். டின்டைப்பில் டின் கிடையாது, வெறும் இரும்புதான். எந்த மெல்லிய தகட்டையும் ‘தகரம்’ என்று அழைத்துவிடும் நமக்கு இந்தப் பெயர்ப்பிழை வியப்பளிக்காது.

அம்புரோடைப் உண்மையில் ஒரு நெகட்டிவ். பின்னால் கருமை இருந்தால்தான் முகம் நேராகத் தெரியும். அந்தக் கறுப்புப் பூச்சு உதிரத் தொடங்கும்போது, படத்தில் இருப்பவரின் கன்னமும் தோளும் கரைந்துபோவது போலத் தோன்றும். அழிந்துவிட்டது என்று நினைத்து விற்றவர்கள் உண்டு. விஷயமறிந்த சேகரிப்பாளர் தகட்டுக்குப் பின்னால் ஒரு கறுப்புத் தாளைச் செருகுவார். சிப்பாய் திரும்பி வந்துவிடுவார். அவர் செய்யக்கூடாத காரியம் ஒன்றுதான்: படம் பதிந்த பக்கத்தைத் துடைப்பது. ஒரு துணியின் ஒரு வீச்சில் மூக்கும் கண்ணும் போய்விடும். பிரதி கிடையாது. ஒவ்வொரு தகடும் ஒரே ஒரு தகடு.

தகடுகளைப் பித்தளைச் சட்டத்துக்குள் வைத்து, கீல் பொருத்திய சிறு பேழைக்குள் மூடி விற்றார்கள். பேழைகளில் ஒருவகைக்கு ‘யூனியன் பேழை’ என்று பெயர். வடக்கு மாநிலங்களின் படையையும் யூனியன் என்றே அழைத்ததால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். போருக்குப் பல ஆண்டுகள் முன்பே, 1854இல், சாமுவேல் பெக் காப்புரிமை பெற்ற பொருள் அது. மரத்தூளையும் அரக்கையும் சூட்டில் கலந்து அச்சில் வார்ப்பார்கள். அன்றைய உலகச் சந்தைக்கு அரக்கு பெரும்பாலும் இந்தியக் காடுகளிலிருந்துதான் போனது. பாண்டவர்களுக்கு மாளிகை கட்டிய சரக்கு, கடல்கடந்து போய்ச் சிப்பாய்களின் முகங்களுக்குக் கூடு கட்டியிருக்கிறது.

சாதாரணச் சிப்பாயின் மாதச் சம்பளம் 13 டாலர். சிறிய டின்டைப் ஒன்றைச் சில்லறைக் காசுக்கே எடுத்துக்கொள்ள முடிந்தது. முகாம்களைப் பின்தொடர்ந்து புகைப்படக்காரர்கள் கூடாரம் அடித்தார்கள். சில நொடிகள் அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்புத் தாங்கி. பல படங்களில் காலணிகளுக்குப் பின்னால் அதன் அடிப்பாகம் எட்டிப்பார்க்கிறது. பிணத்தை நிற்கவைப்பதற்கான கருவி அது என்ற கதை இணையத்தில் ஓயாமல் சுற்றுகிறது. தலையை ஆடாமல் வைக்கும் அந்த மெல்லிய கம்பியால் ஓர் உடலின் பாரத்தைத் தாங்க முடியாது. கொலோடியனுக்கு நீலம் வெளிறித் தெரியும். சிவப்பும் மஞ்சளும் கறுத்துவிடும். வடபடையினரின் வானீலக் காற்சட்டை சில படங்களில் ஏறத்தாழ வெண்மையாகத் தோன்றுவதும், நீலக்கண்ணர்கள் பேய்பிடித்தவர்கள் போலப் பார்ப்பதும் அதனால்தான். பொத்தான்களுக்கும் இடைவாரின் கொக்கிக்கும் தங்க நிறத்தைப் புகைப்படக்காரர் கையால் தீட்டினார்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இத்தகடுகளில் உருவம் கண்ணாடியில் தெரிவது போல இடவலம் மாறியே பதியும். இடைவாரின் எழுத்துகள் தலைகீழாக நிற்கும். வாள் தவறான பக்கம் தொங்கும். விவரம் தெரிந்த சிலர் படத்தில் சரியாகத் தெரியட்டும் என்று வாளை முன்கூட்டியே பக்கம் மாற்றிக் கட்டிக்கொண்டார்கள். இதை அறியாததால் விளைந்த பிழைகளில் புகழ்பெற்றது சிப்பாய் ஒருவரைப் பற்றியதல்ல. பில்லி தி கிட் என்னும் கொள்ளைக்காரனைப் பற்றியது. அவனுடைய டின்டைப்பில் கைத்துப்பாக்கி இடப்பக்கம் தொங்குவதைப் பார்த்து, அவன் இடக்கைக்காரன் என்று ஒரு தலைமுறை நம்பியது. அந்த நம்பிக்கையைத் தலைப்பிலேயே சுமந்த ஒரு திரைப்படம் 1958இல் வெளியானது. அதே படத்தில் அவன் ஊன்றியிருக்கும் வின்செஸ்டர் துப்பாக்கியில் குண்டு செருகும் வாயில் தவறான பக்கத்தில் இருப்பதை யாராவது கவனித்திருந்தால் போதும்.

*

காங்கிரஸ் நூலகத்தில் உள்ள தொகுப்பு டாம் லில்லென்குவிஸ்ட் என்பவரும் அவருடைய மூன்று மகன்களும் சேர்த்தது. வர்ஜீனியாவில் வாழும் குடும்பம். போர் நடந்த மண். இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் முகங்களை ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் வரிசையாக வெளியிட்டது. பழைய போரின் முகங்களையும் அவ்வாறு ஓரிடத்தில் நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் அதைப் பார்த்தபின் அவர்களிடம் வலுப்பெற்றது. தந்தையும் பிள்ளைகளும் சந்தைகளிலும் கண்காட்சிகளிலும் தேடித் தேடி வாங்கியவற்றில் ஏறத்தாழ 700 தகடுகளை 2010இல் நூலகத்துக்கு நன்கொடையாக அளித்தார்கள். அதன்பின்னும் கொடுத்துக்கொண்டிருந்ததால் தொகுப்பு ஆயிரக்கணக்கில் வளர்ந்தது.

போர் தொடங்கியதன் 150ஆம் ஆண்டான 2011இல் நூலகம் இவற்றைக் காட்சிக்கு வைத்தது. அங்கே அழகைவிடக் கணக்குக்கே இடம் தரப்பட்டது. இறந்த வடவர்களில் ஆயிரம் பேருக்கு ஒரு முகம் வீதம் 360 படங்கள். இறந்த தெற்கத்தியர்களில் ஐயாயிரம் பேருக்கு ஒன்று வீதம் 52. தெற்கின் முகங்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வடக்கின் கடற்படை துறைமுகங்களை அடைத்த பிறகு புகைப்பட ரசாயனங்கள் தெற்கே அரிதாகிவிட்டன. அங்கு எஞ்சியவை பெரும்பாலும் போரின் முதல் மாதங்களில் எடுக்கப்பட்டவை. முரட்டுக் கத்தியைத் தூக்கிப் பிடித்து, வெற்றி நிச்சயம் என்று நம்பிய இளைஞர்களின் முகங்கள். நான்காம் ஆண்டின் தெற்கத்தி முகம் எப்படியிருந்திருக்கும் என்று பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

தொகுப்பில் பெரும்பாலானவர்கள் பெயரற்றவர்கள். ஆகவே பட்டியலிட்ட நூலகர்கள் படத்தில் என்ன இருக்கிறதோ அதையே தலைப்பாக்கினார்கள்: துப்பாக்கி ஏந்திய பெயர் தெரியாத சிப்பாய், வாளேந்திய பெயர் தெரியாத சிப்பாய் என்று பட்டியல் நீள்கிறது. எனக்கு இது பழக்கமான வேலை. பெயர் கிடைக்காத புலவரைக் குறுந்தொகைத் தொகுப்பாளர் அவருடைய பாட்டில் வரும் தொடரைக் கொண்டே செம்புலப்பெயல்நீரார் என்று அழைத்தாரல்லவா. இருக்கும் ஒன்றைக் கொண்டு அழைத்தார். இல்லாத பெயரைக் கட்டவில்லை. ஆண்டுதோறும் மாணவர்களிடம் இதை ஒரு துணுக்காகச் சொல்லிக் கடந்துவந்திருக்கிறேன். அது எவ்வளவு பெரிய நேர்மை என்பது இந்தச் சிப்பாய்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. ஏனெனில் இங்கே பெயருக்கு விலை இருக்கிறது.

பெயருள்ள சிப்பாயின் படம் பெயரற்றவரின் படத்தைவிடப் பன்மடங்கு விலை போகும். ஆயுதம் ஏந்தியிருந்தால் மேலும்; தெற்கத்தியராக இருந்தால் இன்னும் மேலே. இந்த ஏணியில் ஏறுவதற்காகப் பழைய தாளில் புதிதாக எழுதிய பெயர்ச்சீட்டுகள் பேழைகளுக்குள் நுழைகின்றன. பழைய போரை நடித்துப் பார்க்கும் குழுவினர் பழைய முறையிலேயே எடுத்துக்கொண்ட டின்டைப்கள் சில காலம் கழித்து அசலாக வலம் வருகின்றன. ஆகவே நல்ல சேகரிப்பாளர் ஏறத்தாழ ஒரு பதிப்பாசிரியரைப் போல வேலை செய்கிறார். அட்டையில் ஒட்டிய காகிதப் படமாக இருந்தால் முதலில் பின்புறத்தைப் பார்க்கிறார். போர்ச் செலவுக்காக அரசு புகைப்படங்களுக்கு வரி விதித்திருந்த காலம் 1864 செப்டம்பர் முதல் 1866 ஆகஸ்ட் வரை மட்டுமே. பின்புறத்தில் வரித்தலை ஒட்டியிருந்தால் அந்தப் பிரதி விற்கப்பட்ட காலம் இரண்டாண்டு எல்லைக்குள் வந்துவிடும். தொப்பியில் படைக்கோர் அடையாளம் தைத்திருந்தால், பொட்டோமாக் படையில் தளபதி ஹூக்கர் அதை ஒழுங்குபடுத்திய 1863 வசந்தத்துக்கு முன் அது எடுக்கப்பட்டிருப்பது அரிது. பின்திரை ஓவியமும் பேசும். செயின்ட் லூயிஸ் நகரின் பென்டன் முகாமில் இருந்த படப்பிடிப்பு நிலையத்தின் திரையை ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு எந்தப் படத்திலும் அடையாளம் கண்டுகொள்ளலாம். கடைசியாக, மிகுந்த கவனத்தோடு பேழையிலிருந்து தகட்டைப் பிரித்துப் பார்க்கிறார். சில சமயம் பின்னால் மடித்த ஒரு சீட்டு இருக்கும். சில சமயம் ஒரு கற்றை முடி.

*

பெயர் தெரிந்தும் தவறாகப் படிக்கப்பட்ட படம் ஒன்று உண்டு. ஆண்ட்ரூ சாண்ட்லர் என்ற வெள்ளை இளைஞரும் சைலஸ் சாண்ட்லர் என்ற கறுப்பரும் தெற்கத்திச் சீருடையில், கத்திகளும் துப்பாக்கிகளுமாக அருகருகே அமர்ந்திருக்கும் டின்டைப் அது. போரின் தொடக்கத்தில் எடுக்கப்பட்டது. ஆண்ட்ரூ 44ஆம் மிசிசிப்பிக் காலாட்படையைச் சேர்ந்தவர். கறுப்பர்களும் தெற்குக்காக விரும்பிப் போரிட்டார்கள் என்று நிறுவ விரும்பியவர்களுக்கு இப்படம் கொடியாயிற்று. ஆயுதமேந்திய இரு நண்பர்கள். இதைவிட என்ன சான்று வேண்டும்? ஆனால் சைலஸ் அந்தக் குடும்பத்தின் அடிமை. எஜமானுக்குப் பணிவிடை செய்ய முகாமுக்கு அனுப்பப்பட்டவர். போருக்கு முன்பே அவருக்கு விடுதலை தரப்பட்டது என்று சொல்லப்பட்ட கதைக்கு ஆவணம் எதுவும் அகப்படவில்லை. கறுப்பர்களைச் சிப்பாய்களாகச் சேர்க்கத் தெற்கின் அரசு சட்டம் இயற்றியதே 1865 மார்ச்சில், வீழ்ச்சிக்குச் சில வாரங்கள் முன்பு. சைலஸின் கொள்ளுப்பேத்தியும் வரலாற்றாசிரியர் கெவின் லெவினும் 2012இல் சேர்ந்து எழுதிய கட்டுரை இவற்றையெல்லாம் எடுத்துவைத்தது. படம் 2014இல் லில்லென்குவிஸ்ட் வழியாகக் காங்கிரஸ் நூலகத்தை அடைந்தது. ஒரு தனிப்பட்டவரின் பெட்டியில் இருந்திருந்தால் அது இன்னும் ஒரு தரப்பின் ஆயுதமாக மட்டுமே இருந்திருக்கும். சேகரிப்பின் மீது எனக்கு ஐயங்கள் உண்டு. குடும்பங்களின் அலமாரியிலிருந்து வேரோடு பிடுங்கப்பட்டதால்தானே இந்த முகங்கள் பெயரிழந்தன? ஆயினும் பொதுவிடத்தில் ஒப்படைக்கப்பட்ட சேகரிப்பை அந்தக் குற்றத்தோடு சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

புகழ்பெற்ற இன்னொரு படம், வடபடைச் சீருடையில் ஒரு கறுப்பர், அவருடைய மனைவி, ஒரேமாதிரி மேலங்கியும் தொப்பியும் அணிந்த இரண்டு மகள்கள். வடபடையில் சேர்ந்த ஏறத்தாழ 1,80,000 கறுப்பர்களில் ஒருவர். வெள்ளைச் சிப்பாய்க்கு 13 டாலர் தந்த அரசு, கறுப்பருக்குப் பத்து டாலர் என்று சொல்லி அதிலும் மூன்றை உடைக்கென்று பிடித்துக்கொண்டது; 1864 ஜூனில்தான் சமச்சம்பளச் சட்டம் வந்தது. அந்தச் சம்பளத்தில் நால்வருக்கும் நல்லுடை உடுத்தி, கண்ணாடித் தகட்டில் ஒரு படம். அது மேரிலாண்டின் செசில் கவுண்டியில் கிடைத்ததால், மேரிலாண்டில் திரட்டப்பட்ட ஏழு கறுப்பர் படைப்பிரிவுகளில் ஒன்றைச் சேர்ந்தவராக இருக்கலாம் என்று நூலகக் குறிப்பு ஊகித்தது. பின்னாளில் 119ஆம் பிரிவின் சார்ஜென்ட் சாமுவேல் ஸ்மித் என்ற பெயரோடும் அப்படம் வலம்வரத் தொடங்கியது. 119ஆம் பிரிவு திரட்டப்பட்டது கென்டக்கியில். கிடைத்த ஊர் ஒரு திசையைக் காட்டுகிறது, பெயர் வேறொரு திசையை. தகடுகள் கைமாறி ஊர்மாறிப் போகக்கூடியவை என்பதால், கிடைத்த இடம் எவ்வளவு மெலிந்த சான்று என்பதை இதைப் பார்த்தே உணர்ந்துகொண்டேன்.

முகம் இருந்து பெயர் தொலைவது ஒருபுறம். கெட்டிஸ்பர்க் போரில் இது திரும்பி நடந்தது. 1863 ஜூலையில் போர் முடிந்த பின் ஊருக்குள் ஒரு வடபடைச் சிப்பாயின் உடல் கிடைத்தது. பெயரோ படைப்பிரிவோ அறிய வழியில்லை. கையில் ஓர் அம்புரோடைப்: மூன்று குழந்தைகள். காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் செய்யப் போய்க்கொண்டிருந்த ஃபிலடெல்ஃபிய மருத்துவர் ஜான் ஃபிரான்சிஸ் பௌன்ஸின் கைக்கு அது வந்தது. குழந்தைகளின் வீட்டைத் தேட அவருக்கு இருந்த ஒரே வழி செய்தித்தாள். ஆனால் அக்காலச் செய்தித்தாளில் புகைப்படத்தை அச்சிட முடியாது. ஆகவே அக்டோபர் 19 அன்று ‘ஃபிலடெல்ஃபியா இன்குவயரர்’ படத்தைச் சொற்களால் எழுதியது. இரண்டு பையன்கள், ஒரு பெண் குழந்தை. இன்னின்ன வயது இருக்கலாம். மூத்தவனின் சட்டையும் தங்கையின் கவுனும் ஒரே துணியில் தைத்தவை. மற்றப் பத்திரிகைகளும் இதை எடுத்துப் போட்டன. நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில் என்ற சிற்றூரில் ஃபிலிண்டா ஹியூமிஸ்டன் என்ற பெண்மணி அதை அறிந்தார். 154ஆம் நியூயார்க் காலாட்படையில் இருந்த கணவர் ஏமஸுக்குச் சில மாதங்கள் முன்பு அவர் அனுப்பிவைத்த படம். அந்தத் துணியை வெட்டித் தைத்த வீட்டுக்காரிக்கு அந்த ஒரு வரி போதாதா? காகிதப் பிரதி ஒன்றை வரவழைத்துப் பார்த்தபோது அவர் விதவையாகிவிட்டது உறுதியாயிற்று.

இதன் பிற்பகுதியைப் பலர் சொல்வதில்லை. மூன்று குழந்தைகளின் படம் பிரதியெடுக்கப்பட்டுப் பெருமளவில் விற்பனையானது. அந்த உணர்ச்சியலையில் திரட்டிய பணத்தில் 1866இல் கெட்டிஸ்பர்க்கில் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் திறந்தார்கள். ஹியூமிஸ்டன் குழந்தைகளும் அங்கே சேர்ந்தார்கள். அவர்கள் போன பின், மேற்பார்வைக்கு வந்த பெண்மணி குழந்தைகளைக் கொடுமைப்படுத்தினார் என்று வழக்கு நடந்து, 1877இல் இல்லம் மூடப்பட்டது. இன்று அந்தக் குழந்தைகளின் அட்டைப்படங்களும் சேகரிப்பாளர்களின் சந்தையில் கிடைக்கின்றன.

சொற்கள் செய்த அந்த வேலையை இப்போது இயந்திரத்திடம் கொடுத்திருக்கிறார்கள். வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கர்ட் லூதர் 2013இல் பிட்ஸ்பர்க் அருங்காட்சியகம் ஒன்றில், போரில் பங்கேற்ற தன் முன்னோர் ஒருவரின் படத்தை எதிர்பாராமல் கண்டார். அந்த அனுபவத்திலிருந்து பிறந்து 2018இல் வெளிவந்த இணையத்தளம், பெயர் தெரியாத முகத்தைப் பெயர் தெரிந்த ஆயிரக்கணக்கான முகங்களோடு ஒப்பிட்டுச் சிலரை முன்னிறுத்துகிறது. முடிவைச் சொல்ல வேண்டியவர் மனிதர். தொப்பியின் எண்ணையும் பதவிப்பட்டையையும் படைச்சுவடிகளோடு ஒத்துப்பார்த்தபின். கருவி தரும் முதல் பெயரையே பிடித்துக்கொள்ளும் ஆசைதான் இங்கே ஆபத்து. தாடி வைத்த இருபது வயதுக்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதில் வியப்பென்ன? தவறான பெயர் ஒன்று ஏறிவிட்டால், சரியான பெயருக்கு உரியவர் இரண்டாம் முறை தொலைந்துபோகிறார். அதன்பின் யாரும் தேட மாட்டார்கள் அல்லவா!

அந்தச் சிறுமியின் படத்துக்குத் திரும்பத் திரும்பப் போகிறேன். கடைசியாகப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. அவள் கையில் ஏந்தியிருப்பதும் இப்படியொரு தகட்டுப்படமாக இருந்திருந்தால், அதில் தந்தையின் உருவம் இடவலம் மாறித்தான் பதிந்திருக்கும். அதை ஏந்திய மகளை மீண்டும் தகட்டில் பிடித்தபோது எல்லாம் இன்னொரு முறை மாறியிருக்கும். மகள் கண்ணாடிப் பிம்பமாக நிற்கிறாள்; அவள் கைக்குள் இருக்கும் தந்தை மட்டும் நேராக, வீட்டில் அவளுக்கு எதிரே நின்றபோது எப்படித் தெரிந்தாரோ அப்படியே நிற்கிறார். அந்த அசல் தகடு இன்றும் யாரோ ஒருவருடைய பேழையில் இருக்கக்கூடும். அடையாளம் காண விரும்புகிறவர் இவள் கையில் உள்ள உருவத்தை இடவலம் திருப்பிவைத்துத் தேட வேண்டும்.